அந்த வாட்ஸ்அப் ஆள் நான்தான்: வெர்ஜினியா துப்பாக்கிச் சட்டமும் என் மூன்று தோட்டா மேகசினும்

2019 டிசம்பர் 14, இரவு

வாஷிங்டன் பக்கத்து ஹெர்ண்டன் ஊர் நண்பர் ஒருவர் கேட்டதை அப்படியே ஒட்டுகிறேன்: "ரிச்மண்டில் வரப்போகிற துப்பாக்கிச் சட்டங்களை எதிர்த்து உங்க செனட்டருக்குப் போன் போடுங்கன்னு ஒருத்தர் நம்ம தமிழ் வாட்ஸ்அப் குழுவில் தினமும் அனுப்பறார். பொங்கல் விழாவுக்கு ஹால் கிடைக்குமான்னே இன்னும் தெரியலை. இதுல நமக்கு என்ன வேலை? தமிழனுக்கு எதுக்குத் துப்பாக்கி?"

அந்த ஒருத்தர் நான்தான்.

நான் இருப்பது நெல்சன் கவுன்ட்டி. 29-ஆம் நம்பர் ரோட்டில், லவிங்ஸ்டன் பக்கம் கேஸ் ஸ்டேஷனும் ஒட்டினாற்போல ஒரு கடையும். ஹெர்ண்டனில் போன் பண்ணினால் போலீஸ் வருகிற வேகத்துக்கும் மலைப்பக்கத்து வேகத்துக்கும் எக்ஸ்பிரஸுக்கும் பாசஞ்சருக்கும் உள்ள வித்தியாசம். 2014-இல் வேறொரு கவுன்ட்டியில் வேறொரு கடையில் இருந்தேன். ராத்திரி 10:40. கத்தியோடு ஒருத்தன். கல்லாவைத் திறந்து கொடுத்தேன், லாட்டரிச் சீட்டுச் சுருளையும் பிய்த்துக்கொண்டு போனான். 911 அடித்துவிட்டு, லைட்டர் அடுக்கிய தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றிருக்கிறேன், எதற்கென்று இன்றைக்கும் தெரியாது. 25 நிமிஷம் கழித்து வண்டி வந்தது. அடுத்த மாதம் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினேன். தமிழனுக்கு எதுக்கு என்றால், இதுக்குத்தான்.

இப்போது மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் வந்திருப்பது எஸ்.பி. 16 என்கிற செனட் மசோதா. 'அசால்ட்' வகைத் (ராணுவ பாணி) துப்பாக்கியை விற்றால், வாங்கினால் மட்டுமல்ல, வைத்திருந்தாலே ஃபெலனி, அதாவது பெரிய குற்றம். எல்லார் துப்பாக்கியையும் பிடுங்கப் போகிறார்கள். போன் போடுங்கள்.

டிசம்பர் 15

காலையில் படித்தால் கடைசி வரி எனக்கே கூச்சமாக இருக்கிறது. எல்லார் துப்பாக்கியும் இல்லை. அந்த வரையறைக்குள் வருகிறவை. என் கைத்துப்பாக்கி அதற்குள் வராது. பக்கத்துத் தோட்டக்காரர் கயோட்டிக்கு (ஓநாய் மாதிரி ஒரு மிருகம்) வைத்திருக்கும் ஏ.ஆர்.-15 ரைஃபிள் வரும்.

நேற்றைய சூட்டுக்குக் காரணம் எங்க அப்பாரு, அதாவது தாத்தா. ஈரோடு மாவட்டத்து மலையடிவாரத்தில் நாலு ஏக்கர் கடலைக்காடு. காட்டுப்பன்றிக்கு லைசென்ஸோடு ஒரு ஒற்றைக் குழல் துப்பாக்கி. ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், ஓட்டு எண்ணி முடித்த பிறகு திருப்பித் தருவார்கள். ஒரு தடவை கூட நான் போனேன். அப்பாரு சட்டை பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு, தவறு செய்தவர் மாதிரி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தபோது குழல் உள்ளே துரு. தேங்காய் எண்ணெயும் துணியுமாக ஒரு வாரம் உட்கார்ந்து தேய்த்தார். அந்த வருஷக் கடலையைப் பன்றி தின்றது.

அங்கே அது உரிமை இல்லை, சர்க்கார் கொடுத்து வைத்திருக்கும் சலுகை. இங்கே அரசியல் சாசனத்தில் எழுதியிருக்கிறது. அந்த வித்தியாசத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். நீங்கள் நினைக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 22

"அமெர்ஸ்ட், ஆப்பொமாட்டாக்ஸ் கவுன்ட்டியெல்லாம் 'துப்பாக்கிச் சரணாலயம்' என்று தீர்மானம் போட்டுவிட்டன, சட்டம் வந்தாலும் இங்கே செல்லாது" என்று குழுவில் ஒரு படம் சுற்றுகிறது. நானும் தட்டிவிட்டேன். தப்பு. மாநில அட்டர்னி ஜெனரல் ஹெர்ரிங் நேற்று முன்தினம் (20-ஆம் தேதி) கருத்து கொடுத்துவிட்டார்: அந்தத் தீர்மானங்களுக்குச் சட்ட பலம் கிடையாது. எனக்குப் பிடிக்காவிட்டாலும் அவர் சொல்வதுதான் சரி. வெர்ஜினியாவில் கவுன்ட்டிக்கு மாநிலம் கொடுத்த அதிகாரம்தான் அதிகாரம். ஊராட்சித் தீர்மானம் போட்டு இந்திய வருமான வரியை நிறுத்த முடியாதில்லையா, அது மாதிரி. அந்தப் படத்தை நம்பி உட்காராதீர்கள். செல்லுபடியாகிற இடம் ரிச்மண்ட் ஒன்றுதான்.

நம் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். மே 31 அன்று வெர்ஜினியா பீச் நகராட்சிக் கட்டடத்தில் 12 பேர் செத்தார்கள். ஜூலை 9-ஆம் தேதி கவர்னர் நார்த்தம் சிறப்புக் கூட்டம் கூட்டினார். அப்போது பெரும்பான்மையில் இருந்த ரிபப்ளிகன்கள் ஒன்றரை மணி நேரத்தில் பாயைச் சுருட்டிவிட்டுப் போனார்கள். ஒரு மசோதாவையாவது எடுத்துப் பேசியிருக்கலாம். நவம்பரில் ஜனங்கள் ஓட்டில் பதில் சொன்னார்கள்: செனட் 21-19, கீழ்ச்சபை 55-45, இரண்டும் டெமாக்ரட் கையில்.

2020 ஜனவரி 4

எச்1பி தம்பிகள் மூன்று பேர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள், "அண்ணா, தடை வருவதற்குள் நானும் ஒண்ணு வாங்கிடட்டுமா?"

வேண்டாம் தம்பி. எச்1பி, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். விதிவிலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். அதையும் வக்கீலைக் கேட்காமல் தொடாதீர்கள். நண்பர் துப்பாக்கியைக் கையில் பிடித்து ஃபேஸ்புக்கில் படம் போடுவது அதைவிட அறிவுகெட்ட வேலை. கிரீன் கார்டு வந்தால் பார்க்கலாம் (வரிசையைப் பார்த்தால் உங்கள் பேரன்தான் வாங்குவான்).

ஜனவரி 14

நேற்று எஸ்.பி. 16-ஐ அதைக் கொண்டுவந்த செனட்டர் சாஸ்லாவே வாபஸ் வாங்கிக்கொண்டார். குழுவில் பட்டாசு எமோஜி. அவசரப்படாதீர்கள். அலெக்ஸாண்ட்ரியா டெலிகேட் (கீழ்ச்சபை உறுப்பினர்) மார்க் லெவைன் கொண்டுவந்த, அதே மாதிரித் தடையைச் சொல்கிற எச்.பி. 961 கீழ்ச்சபையில் இருக்கிறது. இனி எழுதுகிறவர்கள் அந்த நம்பரைப் போட்டு எழுதுங்கள்.

ஜனவரி 21

போய்விட்டு வந்தேன். கால் விரல் இன்னும் மரத்துக் கிடக்கிறது.

ஒவ்வொரு வருஷமும் மார்ட்டின் லூதர் கிங் தினத்தில் வி.சி.டி.எல். என்கிற துப்பாக்கி உரிமைச் சங்கம் ரிச்மண்டில் ஆள் திரட்டிச் சட்டமன்ற உறுப்பினர்களைப் பார்க்கும். இந்தத் தடவை 22,000 பேர் என்கிறார்கள். கேப்பிடல் (சட்டமன்ற) வளாகத்துக்குள் ஆயுதம் கூடாது என்று கவர்னர் அவசரநிலை போட்டிருந்தார். சார்லட்ஸ்வில்லில் 2017-இல் வெள்ளை இனவெறியர் ஊர்வலம் கொலையில் முடிந்தது ஞாபகம் இருக்கிறவர் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார். அதனால் உள்ளே சுமார் 6,000 பேர் வெறுங்கையோடு, வேலிக்கு வெளியே மற்றவர்கள் துப்பாக்கியோடு. நான் வெறுங்கையோடு உள்ளே போகிற வரிசையில்.

எல்லார் நெஞ்சிலும் ஆரஞ்சு ஸ்டிக்கர். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் தெர்மாஸிலிருந்து மூடியில் காபி ஊற்றிக் கொடுத்தார், எந்த ஊர் என்றார், நெல்சன் என்றேன், அதற்கு முன்னால் என்றார், சொன்னேன். 1969-இல் கமில் புயலில் நெல்சனில் தன் மாமா வீடு போன கதையை அவர் ஆரம்பித்தார், வரிசை நகர்ந்தது. கறுப்பினத்தவர் இருந்தார்கள், பெண்கள் இருந்தார்கள், தமிழன் நான் ஒருவன். சண்டை இல்லை, கல் இல்லை. ஒரே ஒரு கைது, அதுவும் முகமூடி போட்டதற்காக. போகும்போது குப்பையைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள்.

பிடிக்காதது: தெருவில் யாரோ கில்லட்டின் ஒன்றைச் செய்து கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். தலை வெட்டுகிற மரச்சட்டம். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். உறுப்பினரின் மனத்தை மாற்ற வந்த இடத்தில் கழுத்தைக் காட்டினால் எவன் மாறுவான்? சந்தேகத்தில் இருந்த ஒரு செனட்டர் அதைப் பார்த்திருந்தால் என் காபியும் 22,000 பேரின் ஒழுங்கும் வீண்.

ஜனவரி 23

நேற்று செனட்டில் எஸ்.பி. 240, அந்த 'ரெட் ஃபிளாக்' மசோதா (ஆபத்தானவரிடமிருந்து கோர்ட் உத்தரவில் துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைப்பது), 21-19-இல் தேறிவிட்டது. எங்கள் 25-ஆம் தொகுதி செனட்டர் கிரீ டீட்ஸும் ஆதரித்தார். "உங்க ஆளுக்கு நீங்க போன் பண்ணலையா?" என்று ஒரு நக்கல்.

பண்ணினேன். அந்த மசோதாவைப் பற்றி வாய் திறக்கவில்லை.

போன வருஷம் வரை தினமும் காலை ஆறேகாலுக்கு ஒரு பெரியவர் கடைக்கு வருவார். சர்க்கரை இல்லாத காபி, ஒரு டாலர் சுரண்டல் சீட்டு. சுரண்டியதைக் கவுன்ட்டரிலேயே விட்டுவிட்டுப் போவார், நான்தான் தூளைத் துடைப்பேன். மனைவி இறந்த பிறகு சீட்டு வாங்குவதை நிறுத்தினார், காபி மட்டும். அப்புறம் அவர் மகன் ஒருநாள் வந்து, அப்பாவை எப்படியாவது துப்பாக்கி இல்லாமல் வைக்க முடியுமா, உங்களுக்கு யாரையாவது தெரியுமா என்று கேட்டான். எனக்கு யாரையும் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்துச் சாவுச் செய்தி வந்தது.

இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பத்துக்கு ஆறு பேர் தானாகச் சாகிறவர்கள். 2018-இல் 39,740 சாவில் 24,432. கொள்ளைக்காரனைப் பற்றி நான் எவ்வளவு பேசினாலும் கணக்கு அங்கேதான் நிற்கிறது. எஸ்.பி. 240-இல் போலீசோ அரசு வக்கீலோ மட்டும்தான் கோர்ட்டுக்குப் போக முடியும், முதலில் 14 நாள், பிறகு விசாரித்து 180 நாள் வரை. தவறாகப் பயன்படுத்துவார்களா? படுத்தலாம். ஆனாலும் அந்த மகனிடம் சொல்ல எனக்கு ஒரு பதில் இருந்திருக்கும்.

டீட்ஸ் வீட்டில் 2013-இல் நடந்தது ஊருக்கே தெரியும். மனநோய்க்குப் படுக்கை கிடைக்காத மகன் அப்பாவைக் கத்தியால் குத்திவிட்டு, தன்னைச் சுட்டுக்கொண்டான். அந்தத் தழும்போடுதான் மனுஷன் சபையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நான் போன் பண்ணி இதில் என்ன சொல்வது?

ஜனவரி 24

மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கலாம் என்கிற மசோதாவுக்கு என் நிலைப்பாடு கேட்டவருக்கு: எங்கள் வீட்டில் ஏற்கெனவே வாழ்க்கைக்கு ஒன்று என்று சட்டம் இருக்கிறது. திருத்தம் கொண்டுவர எனக்குப் பெரும்பான்மை இல்லை.

பிப்ரவரி 8

961 மாறிவிட்டது. இப்போதைய வடிவில், ஏற்கெனவே கையில் இருக்கும் 'அசால்ட்' துப்பாக்கியை வைத்துக்கொள்ளலாம், புதிதாக விற்க வாங்கத்தான் தடை. ஆக டிசம்பரில் நான் கத்திய கத்தலில் பாதி காற்றில் போயிற்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 12 தோட்டாவுக்கு மேல் பிடிக்கிற மேகசின் இருக்கிறதே, அதை வைத்திருக்கவே கூடாது. ஒப்படைக்க வேண்டும், அல்லது மாநிலத்துக்கு வெளியே அனுப்ப வேண்டும், அல்லது பயன்படாமல் ஆக்க வேண்டும்.

ராத்திரி கடை மூடிவிட்டு வந்து சமையல் மேஜையில் எடுத்து வைத்தேன். என்னுடையது கிளாக் 19. கூடவே வந்த மேகசின் மூன்று. ஒவ்வொன்றும் ஒரு உள்ளங்கை நீளம், பிளாஸ்டிக் மேல் தோல், உள்ளே ஒரு ஸ்பிரிங். பின்பக்கம் வரிசையாகச் சின்ன ஓட்டை, கடைசி ஓட்டைக்குப் பக்கத்தில் 15 என்று எண். சிறப்பாகக் கேட்டு வாங்கியதில்லை, பெட்டியைத் திறந்தால் இருந்தது. 961 தேறினால், துப்பாக்கி நல்லது, கூட வந்த ஸ்பிரிங் டப்பா குற்றம்.

நான் சிட்டிசன். மனைவி இன்னும் கிரீன் கார்டு. ஒரே அலமாரி, ஒரே சாவி. குடியேற்றச் சட்டத்தில், துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்குத் தண்டனை வாங்கினால் நாடு கடத்தலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது, 'பாகம், துணைக்கருவி' என்கிற வார்த்தைகளும் அதில் உண்டு. பிறந்ததிலிருந்து இங்கே இருக்கும் பக்கத்துத் தோட்டக்காரர் மறந்துபோய் ஒரு மேகசினைக் கொட்டகையில் விட்டால் அபராதம் கட்டுவார். நம் வீட்டில் மறந்தால் இமிக்ரேஷன் கோர்ட். ஹெர்ண்டன் நண்பரே, நமக்கு இதில் என்ன வேலை என்றீர்களே.

பிப்ரவரி 9

வக்கீல் நண்பர் திருத்தினார்: மேகசின் அந்தப் பிரிவுக்குள் வருமா என்பதே வாதத்துக்குரியது, அடித்துச் சொல்லாதே. சரி. ஆனால் அந்த வாதத்தை மனைவியை வைத்து நடத்திப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. மணிக்கணக்கில் ஃபீஸ் வாங்குகிறவர்களுக்கு வாதம் இனிக்கும்.

பிப்ரவரி 10

இந்த இழையில் என்னைத் தூங்கவிடாத கேள்வி பிளாக்ஸ்பர்க்கிலிருந்து ஒரு அக்கா கேட்டது, ஒரே வரி: "லோகநாதன் சாரை மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை அக்கா. ஜி.வி. லோகநாதன், கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் கரட்டடிப்பாளையத்துக்காரர். வெர்ஜினியா டெக் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் பேராசிரியர். 2007 ஏப்ரல் 16 காலை நாரிஸ் ஹாலில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். அன்று செத்தவர்கள் 32 பேர். நானும் ஈரோட்டுக்காரன், அந்த வாரம் அப்பா ஊரிலிருந்து போன் பண்ணிக் கேட்ட முதல் கேள்வி அவரைப் பற்றித்தான்.

கொன்றவன் கையில் இருந்தவை இரண்டு. ஒன்று வால்தர் பி22. மற்றது கிளாக் 19.

வாங்கும்போது எனக்கு இது தெரியாது. பிறகு விசாரணைக் குழுவின் அறிக்கையைத் தேடிப் படித்தேன். 2005-இலேயே அவன் தனக்கு ஆபத்தானவன் என்று கோர்ட் உத்தரவு இருந்தது. அந்தப் பதிவு துப்பாக்கி விற்பனைச் சோதனைக்கு (வாங்குகிறவரின் பின்னணியைப் பார்ப்பது) போகிற பட்டியலில் ஏறவில்லை. அதனால் சட்டப்படி வாங்கக் கூடாதவன் கடைக்குப் போய்ப் படிவம் நிரப்பி வாங்கினான். அப்போது வெர்ஜினியாவில் மாதத்துக்கு ஒரு துப்பாக்கி என்கிற விதி அமலில் இருந்தது, பிப்ரவரியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று என்று அதையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தான். ஓட்டை இருந்தது பதிவில். 10 தோட்டா மேகசினாக இருந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றும் அந்தக் குழு எழுதியிருக்கிறது.

பிப்ரவரி 10, பின்னிரவு

மேலே உள்ளதை எழுதிவிட்டு ஜெயித்த மாதிரி படுத்தேன். தூக்கம் வரவில்லை. வெர்ஜினியா பீச்சில் சுட்டவன் நீட்டிய மேகசின் வைத்திருந்தான். ஒருத்தன் மேகசின் மாற்றுகிற இரண்டு விநாடியில் யாராவது கதவைத் தாண்டியிருக்கலாம், அதை எந்தக் குழுவாலும் இல்லை என்று சொல்ல முடியாது. என் மகள் மூன்றாவது படிக்கிறாள். பள்ளியில் சுடுகிறவன் வந்தால் ஒளிகிற லாக்டவுன் பயிற்சியில் தன் வகுப்பு ஒளிகிற இடம் கோட்டு மாட்டுகிற அறை என்று சாப்பிடும்போது சொல்கிறாள், உப்பு வேண்டும் என்கிற குரலில்.

அறிக்கையின் ஒரு வரியை எனக்கு வசதியான இடத்தில் தூக்கி வைத்துக்கொண்டேன். அக்கா, அதற்கு மன்னிப்பு. எதிர்ப்பை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் கடிதத்தை மாற்றி எழுதுகிறேன்.

பிப்ரவரி 12

நேற்று கீழ்ச்சபையில் 961 தேறியது. 51-48. டெமாக்ரட் கட்சியிலேயே சிலர் நழுவியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இனி செனட்டின் நீதிக் கமிட்டி.

டீட்ஸுக்கு நான் அனுப்பியது மொத்தம் பதினோரு வரி. இரண்டாம் திருத்தம் (சாசனத்தின் துப்பாக்கி உரிமை), சுதந்திரம், கொடுங்கோன்மை எதுவும் இல்லை. நான் யார், கடை எங்கே, மசோதா எண். விற்பனைச் சோதனையை ஆதரிக்கிறேன், கோர்ட் பதிவுகள் பட்டியலில் ஏறுவதற்குப் பணம் ஒதுக்குங்கள். குழந்தை கைக்கு எட்டும்படி வைப்பவனுக்குத் தண்டனையைக் கூட்டுங்கள். 961-இல் புதிய விற்பனையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் முடிவெடுங்கள், ஆனால் சட்டப்படி வாங்கி ஏற்கெனவே வீட்டில் இருப்பதை வைத்திருப்பதையே குற்றமாக்காதீர்கள், என் வீட்டில் அதன் விலை என் மனைவியின் கிரீன் கார்டாகப் போகலாம். அவ்வளவு.

முன்பு நான் குழுவில் போட்ட மாதிரிக் கடிதத்தை அழித்துவிடுங்கள். ஒரே வாசகம் நூறு பேரிடமிருந்து போனால் அதை எண்ணுவார்கள், படிக்க மாட்டார்கள். போனில் ஜிப் கோடைத்தான் முதலில் கேட்டார்கள். தொகுதிக்கு வெளியே இருந்து கூப்பிட்டுச் சத்தம் போடாதீர்கள், ஹெர்ண்டனுக்கு ஹெர்ண்டன் செனட்டர் இருக்கிறார். மிரட்டல் தொனி ஒரு சொல்லில்கூட வேண்டாம்.

"ஆதரித்து எழுதலாமா?" என்று கேட்ட தம்பிக்கு: தாராளமாக. நம் ஆட்கள் எதற்காவது எழுதினால் சரி.

பிப்ரவரி 18

நேற்று பிரசிடென்ட்ஸ் டே, பள்ளிக்கு லீவு, கல்லாவுக்குப் பக்கத்தில் மகள் உட்கார்ந்து மிட்டாய் அடுக்கினாள். கமிட்டி 10-5-இல் 961-ஐ இந்த வருஷத்துக்கு ஓரம் கட்டி, குற்றவியல் ஆணையத்தின் ஆய்வுக்கு அனுப்பிவிட்டது. ரிபப்ளிகன்களோடு சேர்ந்தவர்கள் நாலு டெமாக்ரட்: எட்வர்ட்ஸ், பீட்டர்சன், சுரோவெல், டீட்ஸ்.

என் பதினோரு வரியால் என்று யாரும் சொல்லாதீர்கள். பாத் கவுன்ட்டிக்காரரான டீட்ஸுக்குத் துப்பாக்கி பற்றி நெல்சன் கடைக்காரன் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கில்லட்டின் ஆட்கள் தங்களால்தான் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள், படித்தேன், காபி கசந்தது.

ஏப்ரல் 11

கொரோனாவில் இந்த இழை தூங்கிவிட்டது. நேற்று நார்த்தம் ஐந்தில் கையெழுத்துப் போட்டார்: விற்பனைச் சோதனை, ரெட் ஃபிளாக், மாதம் ஒரு கைத்துப்பாக்கி, தொலைந்தால் தகவல் தருவது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பது. ஜூலை 1 முதல் அமல். முதலாவதைப் பற்றி முன்பு குழுவில், மச்சானுக்கு இரவல் கொடுத்தாலே ஜெயில் என்று பயமுறுத்தியிருந்தேன். இறுதி வடிவில் விற்பனைக்கு மட்டும்தான் சோதனை. இதையும் என் தப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒரு வேடிக்கை. இழையின் முதல் கேள்வியைக் கேட்ட ஹெர்ண்டன் நண்பர் போன வாரம் போன் பண்ணினார். அரிசி, டாய்லெட் பேப்பர் எல்லாம் பேசி முடித்து, குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, கிரீன் கார்டு வெச்சு கிளாக் வாங்க என்ன பேப்பர் வேணும்?" சொன்னேன். முதலில் பூட்டு வைத்த இரும்புப் பெட்டி வாங்குங்கள் என்றும் சொன்னேன். நானே பெட்டி வாங்கியது பிப்ரவரியில்தான். அதுவரைக்கும் அலமாரி.

அடுத்த வருஷமும் போன் பண்ணச் சொல்வீர்களா என்கிறார்கள். கூட்டத்தொடர் ஜனவரியில். ஆணையம் என்ன எழுதுகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஆறேகாலுக்கு ஆள் வருகிறார், கடை திறக்க வேண்டும். அந்தப் பெரியவரின் மகன்தான். காபி, ஒரு டாலர் சீட்டு.